சொட்டைக்கு மருத்துவம்: எதை முதலில் செய்வது, எதற்குக் காசு கொடுப்பது

கொடுங்கையூர், வியாசர்பாடி, மூலக்கடை பக்கம் ஒருவருக்கு முடி கொட்ட ஆரம்பித்தால் முதலில் மாட்டுவது போர் தண்ணீர். அடுத்தது ஹெல்மெட். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவில் ஒடிய வைக்கும். வேருக்குள் அது போவதில்லை. ஹெல்மெட் உள்ளே அழுக்குப் பிடித்திருந்தால் பொடுகும் கொப்புளமும் வரும், அவ்வளவுதான். நெற்றியின் இரண்டு மூலையும் பின்வாங்கி, உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் தெரிய ஆரம்பித்து, காதுக்கு மேலேயும் பின்தலையிலும் மட்டும் முடி கெட்டியாக நிற்கிறதென்றால் அது ஆண் வழுக்கை. காரணம் உடம்புக்குள்ளே இருக்கிறது. தண்ணீர் கேன் வாங்கித் தலைக்கு ஊற்றினாலும் நிற்காது.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ‘5-ஆல்ஃபா ரிடக்டேஸ்’ என்ற நொதி டிஹெச்டி என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. முன்தலையிலும் உச்சியிலும் உள்ள வேர்கள் சிலருக்குப் பிறவியிலேயே இந்த டிஹெச்டிக்குத் தாங்காதவை. அம்மா வழி, அப்பா வழி இரண்டிலிருந்தும் இந்தக் குணம் வரலாம். தாங்காத வேர் ஒரே நாளில் சாவதில்லை. ஒவ்வொரு முறை முடி விழுந்து புதிதாக முளைக்கும்போதும் முன்பைவிட மெல்லிசாக, குட்டையாக, நிறம் வெளுத்து முளைக்கும். கடைசியில் பூனைமுடி ஆகி, பிறகு அதுவும் இல்லாமல் போகும். மெலிந்துகொண்டிருக்கும் வேரை மருந்தால் ஓரளவு மீட்கலாம். மூடிப்போன வேரை எந்த மருந்தும் திறக்காது. அதனால்தான் வைத்தியத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது: நோய் இதுதானா என்று உறுதிசெய்வது, மருந்தால் நிறுத்துவது, ஒரு வருஷம் பார்ப்பது, தேவைப்பட்டால் மட்டும் முடி நடவு. விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்கின்றன, ஏனென்றால் பெரிய பில் கடைசிப் படியில் இருக்கிறது.

முதல் படி: இது வேறு ஏதாவதா?

டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற காய்ச்சல் வந்து இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி விழுவது சென்னையில் சர்வ சாதாரணம். தலை முழுக்கச் சமமாகக் கொட்டும். சில மாதங்களில் தானாக நின்று திரும்ப வளரும். இதற்கு மருந்து வாங்கி ஆறு மாதம் போட்டுவிட்டு, தானாக வளர்ந்ததை மருந்தின் கணக்கில் எழுதுபவர்கள் நிறைய. வட்டமாக, வழவழவென்று ஒரு இடம் மட்டும் காலியானால் அது புழுவெட்டு. சின்ன வெங்காயம் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். செதில், அரிப்பு, சீழ் இருந்தால் படர்தாமரைப் பூஞ்சையாக இருக்கலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை மோசமாக்கும். தோல் வழவழப்பாகித் தழும்பு போல் ஆகியிருந்தால் தாமதிக்கவே கூடாது.

வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டுவிட வேண்டும். சுகர், பிரஷர், தைராய்டு என்று எது சாப்பிட்டாலும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு, மூன்று வருஷத்துக்கு முந்தைய போட்டோவும் உதவும். டாக்டர் டெர்மாஸ்கோப் என்ற சின்ன பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். ஒரே இடத்தில் தடித்த முடியும் மெலிந்த முடியும் கலந்து கிடந்தால் அதுதான் ஆண் வழுக்கையின் அடையாளம். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை நார்வுட் அளவுகோலில் 1 முதல் 7 வரை குறிப்பார்கள். 2, 3 என்பது எம் வடிவ நெற்றி. 7 என்பது பின்னால் லாடம் போல ஒரு பட்டை மட்டும் மிச்சம்.

ரத்தப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. தலை முழுக்கக் கொட்டினாலோ, களைப்பு இருந்தாலோ ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பார்க்கச் சொல்வார்கள். ‘முடி மாத்திரை’ என்று விற்கும் பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு பரிசோதனைக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்துங்கள். பயோட்டின் தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையைக்கூடக் குழப்பும். பயோட்டின் குறைபாடே இல்லாதவருக்கு அது வழுக்கையில் ஒன்றும் செய்வதில்லை என்பது தனிக் கதை.

ஜிம்மில் ‘சைஸ்’ ஏற ஊசி போடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனை ஏற்றிக்கொண்டே வழுக்கைக்கு மருந்து சாப்பிடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

இரண்டாம் படி: போட்டோ

மருந்து தொடங்கும் நாளிலேயே ஐந்து போட்டோ எடுத்து வையுங்கள்: நேர் நெற்றி, இரண்டு பக்க மூலை, நடுத்தலை, உச்சி. ஒரே இடம், ஒரே வெளிச்சம், காய்ந்த தலை, ஒரே நீளத்தில் வெட்டிய முடி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே போல எடுங்கள். டியூப்லைட்டுக்கு அடியில் நின்றால் யாருக்கும் சொட்டை தெரியும். ஜன்னலோரம் நின்றால் மறையும். குளியலறை ஜாலியில் அடைத்த முடியை எண்ணி முடிவெடுக்காதீர்கள். நல்ல தலையிலிருந்தே தினம் 50 முதல் 100 முடி விழும், ஒரு நாள் விட்டுக் குளித்தால் இரண்டு நாள் கணக்கும் சேர்ந்து தெரியும்.

மூன்றாம் படி: மினாக்சிடில்

இது முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக ஆனது. அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைத்தது. டிஹெச்டியை இது தொடுவதில்லை. முடி வளரும் பருவத்தை நீட்டி, மெலிந்த வேரைத் தடிக்க வைக்கிறது.

ஆண்களுக்கு 5% கரைசல். ஒரு வேளைக்கு 1 மி.லி., காலை ஒன்று, இரவு ஒன்று. 60 மி.லி. பாட்டில் சரியாக ஒரு மாதம் வர வேண்டும்; இரண்டு மாதம் வருகிறதென்றால் பாதி அளவுதான் போடுகிறீர்கள். அதிகம் போட்டால் அதிகம் வளராது, மயக்கமும் படபடப்பும்தான் வரும்.

போடும் விதம்தான் முக்கால்வாசி விஷயம். தலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சீப்பால் வகிடு எடுத்து, வகிட்டில் தெரியும் தோலில் டிராப்பரால் சில சொட்டு. அரை அங்குலம் தள்ளி அடுத்த வகிடு. இப்படி ஐந்தாறு கோட்டில் 1 மி.லி. தீர வேண்டும். விரல் நுனியால் பரப்பினால் போதும், மசாஜ் வேண்டாம். முடி மேல் விழுந்த மருந்து வீண். உடனே சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கழுவாத கையால் முகத்தைத் துடைத்தால் கன்னத்தில் முடி வரும். நான்கு மணி நேரம் தலை நனையக் கூடாது. இரவில் போட்டதும் படுத்தால் தலையணைதான் குடிக்கும். படுக்க இரண்டு மணி நேரம் முன்பே போடுங்கள்.

நம் ஊரில் இங்கேதான் சிக்கல். துறைமுகத்திலும் மணலி கம்பெனிகளிலும் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்குக் காலையில் போட்ட மருந்து அரை மணியில் வியர்வையோடு கழுத்தில் வழியும். மண்ணடி, ராயபுரத்தில் ஐந்து வேளை தொழுகிறவர்கள் தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒவ்வொரு ஒளுவிலும் ஈரக் கையால் தலையைத் தடவுவார்கள். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வேளை என்பது நடக்காத காரியம். இவர்களெல்லாம் டாக்டரிடம் சொல்லி இரவு ஒரு வேளைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. தொழுகிறவர்கள் இரவுத் தொழுகையான இஷா முடித்துப் போட்டால் விடியற்காலைத் தொழுகையான சுபுஹு வரை இடைவெளி இருக்கும். ஒரு வேளை ஒழுங்காகப் போடுவது, இரண்டு வேளை என்று ஆரம்பித்து இரண்டாவது மாதம் விட்டுவிடுவதைவிட எவ்வளவோ மேல். தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் குளிக்கப் போகும் முன் வைத்து, அலசி, காய்ந்த பிறகு மருந்தைப் போடலாம். எண்ணெய் மேல் மருந்து போட்டால் தோலுக்குச் சரியாகப் போய்ச் சேராது.

இனி, பாதிப் பேர் மருந்தைத் தூக்கிப் போடும் இடம். தொடங்கி இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள் முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டலாம். ஓய்வில் இருந்த பழைய முடியைப் புது முடி தள்ளிவிடுவதால் வருவது இது. சில வாரங்களில் அடங்கும். இந்தச் சமயத்தில் நிறுத்தினால் நஷ்டம் மட்டும் மிஞ்சும். பலன் தெரிய நான்கு மாதம், முழுசாகத் தெரிய ஒரு வருஷம். நிறுத்தினால் மூன்று, நான்கு மாதத்தில் வளர்ந்ததெல்லாம் போய்விடும்.

தலை அரித்துச் சிவந்தால் பெரும்பாலும் கரைசலில் உள்ள புரோப்பிலின் கிளைக்கால்தான் காரணம். அது இல்லாத ஃபோம் வகைக்கு மாறலாம். நெஞ்சு வலி, படபடப்பு, கால் வீக்கம் என்றால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். வீட்டில் பூனை இருந்தால் மிக ஜாக்கிரதை. நக்கினால் பூனை செத்துப்போகும் அளவுக்கு இது விஷம். தலையணை உறையிலிருந்துகூட ஒட்டும்.

மினாக்சிடிலைக் குறைந்த அளவில், 2.5 அல்லது 5 மி.கி. மாத்திரையாகவும் இப்போது பல தோல் டாக்டர்கள் தருகிறார்கள். தடவ நேரம் இல்லாதவர்களுக்கு வசதி. ஆனால் கை, முதுகு, கன்னமெல்லாம் முடி வளரலாம், கால் வீங்கலாம். பிரஷர், இதயக் கோளாறு உள்ளவர்கள் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

நான்காம் படி: ஃபினாஸ்டிரைடு

மினாக்சிடில் வளர்க்கிறது, வேரைக் கெடுக்கும் டிஹெச்டியைக் குறைப்பது இதுதான். டொமினிகன் குடியரசில் பிறவியிலேயே 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் இல்லாத குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தபோது அந்த ஆண்களுக்கு வழுக்கையே விழவில்லை என்பது தெரிந்தது. இந்த மருந்தின் யோசனை அங்கிருந்து வந்தது. 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மி.கி., 1997-ல் வழுக்கைக்கு 1 மி.கி. என அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

தினம் 1 மி.கி. ஒரு மாத்திரை; சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது பிரச்சினையில்லை. ரத்தத்தில் டிஹெச்டி சுமார் 70% குறையும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகச் சாப்பிட வேண்டாம். மெடிக்கலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: 5 மி.கி. புராஸ்டேட் மாத்திரையைக் கொடுத்துவிடுவது உண்டு. காசு மிச்சமென்று அதை நான்காக உடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். உடைந்த தூளைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

உச்சிக்கு நன்றாக, முன் நெற்றிக்குச் சுமாராக வேலை செய்யும். முதலில் ‘கொட்டுவது நின்றதா’ என்று பாருங்கள், ‘வளர்ந்ததா’ என்பது அப்புறம். இரண்டு வருஷ ஆய்வுகளில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 83% பேருக்கு முடி எண்ணிக்கை குறையாமல் நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 28% பேருக்குத்தான் நின்றது. குறைந்தது ஆறு மாதம், நியாயமாக ஒரு வருஷம் பார்க்க வேண்டும்.

பயப்படுகிற விஷயத்துக்கு வருவோம். ஆசை குறைவது, விறைப்புக் குறைவது, விந்தின் அளவு குறைவது ஆகியவை சிலருக்கு வரும். நூற்றில் ஓரிரண்டு பேர் என்ற அளவில்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகும். நிறுத்திய பிறகும் தொடர்வதாகச் சொல்பவர்களும் உண்டு, அதை வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிடக் கூடாது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றியும் எச்சரிக்கை இருக்கிறது: 2025-ல் ஐரோப்பிய மருந்து ஆணையம் தற்கொலை எண்ணத்தைப் பக்கவிளைவாக உறுதிசெய்தது. ஏற்கெனவே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் இதை மனநல மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். மனசு கனத்துப்போனால் மாத்திரையை அன்றைக்கே நிறுத்துங்கள். மார்பில் கட்டியோ வலியோ வந்தாலும் உடனே காட்டுங்கள். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள், ஏற்கெனவே விந்தணு குறைவு என்று சொல்லப்பட்டவர்கள், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னும் இரண்டு பேருக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் புற்றுநோய்க்கான ரத்தச் சோதனை எடுத்தால் அந்த டாக்டருக்கு: இந்த மாத்திரை பிஎஸ்ஏ அளவைப் பாதியாகக் காட்டும். ரத்த தான முகாமில் இருப்பவர்களுக்கு: நிறுத்தி ஒரு மாதம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்கலாம்.

டியூட்டாஸ்டிரைடு 0.5 மி.கி. இதைவிடப் பலமானது, டிஹெச்டியை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். ஆனால் உடம்பை விட்டுப் போகவே மாதக்கணக்கில் ஆகும். பக்கவிளைவு வந்தால் சட்டென்று வெளியே வர முடியாது, ரத்த தானத்துக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தென் கொரியாவிலும் ஜப்பானிலும் வழுக்கைக்கே அனுமதி உண்டு. ஃபினாஸ்டிரைடு ஒரு வருஷம் பலிக்காதபோது யோசிக்க வேண்டியது, எடுத்த எடுப்பில் அல்ல. மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு மினாக்சிடிலோடு ஃபினாஸ்டிரைடு கலந்த தடவும் கரைசல் இருக்கிறது. ரத்தத்தில் கலப்பது குறைவு, பூஜ்யம் இல்லை.

வேறு என்னென்ன கேட்பார்கள்

பிஆர்பி என்றால் உங்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, சுழற்றி, பிளேட்லெட் நிறைந்த பகுதியைப் பிரித்துத் தலையில் ஊசியாகக் குத்துவது. மாதம் ஒன்றாக மூன்று, நான்கு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று என்பது வழக்கம். சிலருக்கு அடர்த்தி கூடுகிறது. ஆனால் தயாரிக்கும் முறை கிளினிக்குக் கிளினிக் மாறுவதால் பலனும் மாறுகிறது. மருந்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். மருந்து வேண்டாம், பிஆர்பி போதும் என்று ‘பேக்கேஜ்’ போடுகிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசி உருளை வாரம் ஒருமுறை போட்டு, மற்ற நாளில் மினாக்சிடில் தடவியவர்களுக்கு வெறும் மினாக்சிடிலைவிட நல்ல பலன் கிடைத்ததாக 2013-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு காட்டியது. உருளை போட்ட அன்று மினாக்சிடில் கூடாது. உருளையை யாரோடும் பகிரக் கூடாது. ரத்தத்தில் பரவும் நோய்கள் இதில் பரவும்.

பொடுகு இருந்தால் 2% கீட்டோகோனசோல் ஷாம்பு வாரம் இரண்டு முறை, நுரையை ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். திருத்தணியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பது கண்ணுக்குத் தெரியும் ஏமாற்று: வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் தடிப்பாகத் தெரிகிறது. வேண்டுதல் வேறு, வைத்தியம் வேறு.

ஐந்தாம் படி: முடி நடவு

நடவு புது முடியை உண்டாக்குவதில்லை. பின்தலையில் இருக்கும் டிஹெச்டிக்கு அஞ்சாத வேர்களை முன்னால் இடம் மாற்றுகிறது. பின்னால் இருப்பது வங்கி இருப்பு மாதிரி, எடுத்தது திரும்ப வராது. இருபத்தி இரண்டு வயதில் நெற்றி முடிக்கோட்டைப் பள்ளிக்கூட வயதில் இருந்த இடத்துக்கு இறக்கி நட்டுவிட்டு, மருந்தும் எடுக்காமல் விட்டால், முப்பத்தைந்தில் நட்ட முடி முன்னால் தீவு போல நிற்கும், நடுவே காலி மைதானம். அதனால் இருபத்தைந்துக்குள் அவசரம் வேண்டாம். ஒரு வருஷம் மருந்தில் நிலைத்த பிறகே பேச்சு.

கணக்கு இப்படி. ஒரு ‘கிராஃப்ட்’ என்பது ஒரே துளையிலிருந்து வரும் முடிக் கொத்து. சராசரி இரண்டு முடி. முன்பகுதி 50 சதுர செ.மீ., சதுர செ.மீ.க்கு 40 கிராஃப்ட் என்றால் 2,000 கிராஃப்ட். உச்சியும் வேண்டுமென்றால் இன்னொரு பங்கு. வாழ்நாள் முழுதும் பின்தலையிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பலருக்கு 6,000-ஐத் தாண்டாது. ‘அன்லிமிடெட் கிராஃப்ட்’ என்ற விளம்பரம் எதைச் சொல்கிறது என்று இப்போது புரியும். எஃப்யூடி முறையில் தோல்பட்டை வெட்டி எடுப்பார்கள், கோடாகத் தழும்பு இருக்கும். எஃப்யூஇ முறையில் ஒரு மி.மீ.க்கும் குறைவான துளைகள். அளவு மீறினால் பின்தலை பூச்சி அரித்தது போலாகும்.

2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் முடி நடவுக்குப் பிறகு உயிரிழந்தார். தலைமுடிதானே என்று நினைக்கும் இந்த வேலையில் மணிக்கணக்கில் மரத்துப்போகும் ஊசி ஏறுகிறது; அதன் அளவு உடல் எடைக்கு ஏற்ப எண்ணி ஏற்ற வேண்டியது, மீறினால் வலிப்பும் இதய நிறுத்தமும் வரும். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை தெளிவாகவே சொல்லிவிட்டது: பயிற்சி பெற்ற பதிவு மருத்துவர்தான் செய்ய வேண்டும், பட்டறையிலோ யூடியூபிலோ பார்த்தது பயிற்சியாகாது.

முன்பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்: துளை போடுவது யார், மருத்துவரா டெக்னீஷியனா? அவருடைய பதிவு எண் என்ன? (தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.) மரத்துப்போக ஊசி போட்டவர் முடியும்வரை இருப்பாரா? ஆக்ஸிஜன், அவசர மருந்து எங்கே வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள். எத்தனை கிராஃப்ட், எந்த இடத்தில், எழுத்தில் தருவீர்களா? ஜிஎஸ்டி சேர்த்த விலையா? முடி நடவுக்கு மருத்துவ வரிவிலக்கு கிடையாது, அழகுச் சிகிச்சை என்பதால் இன்ஷூரன்ஸும் வராது. ரத்த அணுக்கள், சர்க்கரை, ரத்தம் உறையும் நேரம், ஹெபடைட்டிஸ், ஹெச்ஐவி, ஈசிஜி எதுவும் கேட்காமல் ‘நாளைக்கே வாங்க’ என்றால் போகாதீர்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் தாமாக நிறுத்தவும் கூடாது.

முடிந்த பிறகு சில நாள் தலையை உயர்த்தி வைத்துத் தூங்க வேண்டும். மூன்றாம், நான்காம் நாள் நெற்றி வீங்கிக் கண் வரை இறங்கலாம், தானாக வடியும். பத்துப் பதினான்கு நாளில் பொருக்கு உதிரும். அதுவரை ஹெல்மெட் அழுத்தக் கூடாது என்பதால் பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் லீவை அதற்கேற்பப் போடுங்கள்; ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது தீர்வல்ல. கடல் குளியல், ஜிம், வெயில் எல்லாம் டாக்டர் சொன்ன பிறகு. காய்ச்சல், சீழ், நட்ட இடம் கறுப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் நட்ட முடி கொட்டும். வேர் உள்ளே இருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் முளைத்து, ஒரு வருஷத்தில் முழு உருவம் வரும். நடாத பழைய முடிக்காக மருந்து தொடர வேண்டும், பிரஷர் மாத்திரை தொடர்வது போல.

எதுவும் வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். வழுக்கையால் உடம்புக்குக் கேடில்லை. சலூனில் மெஷினை ஒன்றாம் நம்பரில் வைத்து ஒட்ட வெட்டினால் காலியான இடமும் மிச்ச முடியும் அவ்வளவாகப் பிரிந்து தெரியாது. ஆனால் வெயிலில் வேலை செய்கிறவர்கள் வெறும் தோலில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். அது முடியாதென்றால் தொப்பி.